விலைத்தகுதி இயல்: மேசைக்கணினிச் செயலிகளை முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

மேசைக்கணினியில் நிறுவிப் பயன்படுத்தப்படும் செயலி ஒன்று தனக்கெனக் குறிக்கப்பட்ட விலைக்குத் தகுமா தகாதா என ஆராய்ந்து துணியும் மனச்செயல் இக்கட்டுரையில் ‘விலைத்தகுதி காண்டல்’ எனப்படும். வெண்டைக்காய்க்கு நுனி ஒடித்தல், தேங்காய்க்குத் தட்டிக் கேட்டல், பட்டுக்குச் சரிகை சுரண்டல் என ஒவ்வொரு பொருளுக்கும் உரிய சோதனையை வகுத்து, அதைத் தாய் மகளுக்கும் மாமியார் மருமகளுக்கும் பிழையின்றிக் கையளித்து வந்த ஒரு சமுதாயம், செயலிக்கு மட்டும் அவ்வாறான சோதனை எதையும் வகுக்காமல் விட்டது வியப்புக்குரியது. செயலிக்கு ஒடிக்க நுனியும் தட்ட ஓடும் இல்லை என்பது காரணமாகக் கூறப்படலாம். எனினும் ஆயுள் காப்பீட்டுக்கும் அவை இல்லை; அதன் விலைத்தகுதியை ஆராய்வதில் எந்த மைத்துனரும் பின்வாங்கியதில்லை. ஆதலின் அக்காரணம் பொருந்தாமை அறிக.

கைப்பேசிச் செயலிகள் இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானவை. அவற்றுள் பல தம் விலையை விளம்பரம் வழியாகவும் பயனரின் தரவு வழியாகவும் கேளாமலே எடுத்துக்கொள்வதால், தகுமா என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. அலுவலகம் வாங்கித் தரும் செயலிகளும் விலக்கப்பட்டன. பிறர் பணத்தில் வாங்கப்படும் எதுவும் விலைத்தகுதி உடையதே என்பது ஆராயாமலே பெறப்படும். எஞ்சுபவர், தன் வீட்டிலோ சிறு கடையிலோ தன் கணினியின் முன் தன் பணப்பையோடு தனித்து அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரே.

செயலி என்பது எவ்வகைப் பொருள் என்பதையும் இவ்விடத்து வரையறுத்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பின்வந்த திருத்தங்களுக்குப் பின், கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகுப்பில் சேர்த்திருக்கிறது. அதன்படி, பல கோப்புகளைச் சுருக்கி ஒரே கட்டாகக் கட்டித் தரும் வின்ரார் என்னும் செயலியும் ஐஞ்சிறு காப்பியங்களுக்கு எழுதப்பட்ட புத்துரை ஒன்றும் சட்டத்தின் கண்ணில் ஓரினமாகும். இவ்வகைப்பாட்டைக் கண்டு நகைப்பாரும் உளர். ஆயினும் பலரும் எடுத்தாண்டு, சிலர் புகழ்ந்து, மிகச் சிலரே விலை கொடுத்து வாங்குதல் என்னும் பொதுப்பண்பை நோக்கின், சட்டம் இயற்றியோர் இலக்கியத்தின் நிலையை, சிறப்பாகத் தமிழிலக்கியத்தின் நிலையை, நன்கறிந்தவரே என்பது புலனாகும். 1983இல் டர்போ பாஸ்கல் என்னும் நிரலாக்கச் செயலியை 49.95 டாலருக்கு விற்கத் தொடங்கிய அமெரிக்காவின் போர்லாண்ட் நிறுவனமும் இக்கருத்தினதே. செயலியைப் புத்தகம்போல நடத்துக, எத்தனை பேரும் மாறி மாறிப் பயன்படுத்துக, ஒரே நேரத்தில் ஈரிடத்தில் மட்டும் அது இயங்கலாகாது என்னும் கருத்துப்பட அது தன் உரிமத்தை எழுதியது. இரவல் போன புத்தகம் திரும்பி வருவதில்லை என்பதை அந்நிறுவனம் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை.

2. வினா பிறந்த வரலாறு

செயலிக்கு விலை உண்டு என்னும் எண்ணமே காலத்தால் பிற்பட்டது. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளை வாடகைக்கு விட்டபோது நிரல்களையும் அவற்றோடு சேர்த்தே கொடுத்து வந்தது. 1969 ஜூன் மாதத்தில்தான், நிரல்களுக்கும் சேவைகளுக்கும் இனித் தனித்தனியே கட்டணம் என்று அது அறிவித்தது. அதற்கு முந்திய காலத்தில், இந்த நிரல் காசுக்குத் தகுமா என்று எவரும் கேட்டிலர். அக்காலத்து நிரல்கள் அனைத்தும் சிறந்தவை என்பது அதற்குப் பொருளன்று. கேட்பதற்கு ஓர் இடம் அமையவில்லை என்பதே பொருள். இக்குறிப்பு பின்னர்ப் பயன்படும்.

விலை பிறந்தவுடன் அதைக் கொடாமையும் உடன்பிறந்தது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ், ஆல்டேர் கணினிக்காகத் தாமும் நண்பர்களும் எழுதிய பேசிக் என்னும் மொழிச்செயலியைப் பொழுதுபோக்காளர்கள் படியெடுத்துப் பரப்புவதைக் கண்டித்து ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்போருள் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவரே பேசிக்கை விலைக்கு வாங்கினர் என்றும், அதை உருவாக்கச் செலவான கணினி நேரத்தின் மதிப்பு மட்டுமே 40,000 டாலரைத் தாண்டும் என்றும், கிடைத்த வருவாயைக் கணக்கிட்டால் தம் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் அதில் அவர் குறிப்பிட்டார். விலைத்தகுதியை மணிக்கணக்கால் அளக்கும் முறையை முதன்முதலில் கையாண்டவர் வாங்குபவர் அல்லர், விற்பவர் என்பது இங்கே கருதத்தக்கது. இம்முறையை வாங்குபவரின் பக்கம் திருப்பிவைத்தலே அடுத்த பகுதியின் பணியாகும்.

1979இல் வெளிவந்த விசிகால்க் என்னும் கணக்குத்தாள் செயலி இவ்வரலாற்றில் ஒரு விதிவிலக்கு. டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆக்கிய அது ஏறத்தாழ 100 டாலருக்கு விற்றது. அதை இயக்க வேண்டும் என்பதற்காகவே பன்மடங்கு விலை கொடுத்து ஆப்பிள் 2 கணினியை வாங்கியவர் பலர். செயலிக்காகக் கணினி வாங்கப்பட்ட அந்நிலை பிற்காலத்து வீடுகளில் தலைகீழாயிற்று. 40,000 ரூபாய்க் கணினியை ஒரே மாலையில் பேசி முடித்து வாங்கி வருபவர், அதில் இயங்கும் 2,500 ரூபாய்ச் செயலி ஒன்றைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சிந்திக்கிறார். கணினிக்கு ஆயுத பூசை நாளில் சந்தனமும் குங்குமமும் வைக்க முடியும். செயலிக்கு எந்த இடத்தில் வைப்பது என்பது தெளிவாகவில்லை. குங்குமம் ஏற்காத பொருளுக்குப் பணம் கொடுக்கக் கை வராது என்னும் கருதுகோளை இவ்விடத்து முன்மொழிந்து, அதைப் பின்வரும் ஆய்வாளருக்கு விட்டுவிடுதல் தகும்.

1982இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் பிசி-டாக் என்னும் தொடர்புச் செயலியையும், ஜிம் நாஃப் பிசி-ஃபைல் என்னும் தரவுச் செயலியையும், எவர் வேண்டுமாயினும் படியெடுத்துக்கொள்க, பயனுடையது எனக் கண்டால் பணம் அனுப்புக என்னும் வேண்டுகோளுடன் உலவவிட்டனர். ஃப்ளூகல்மன் கேட்ட தொகை 25 டாலர். இவ்வாறு முதலில் கொடுத்துப் பின்னர்க் கேட்கும் வணிகமுறைக்கு ‘ஷேர்வேர்’ என்னும் பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டு பிசி-ரைட் என்னும் எழுத்துச் செயலியைக் கொண்டுவந்த பாப் வாலஸ் இன்னும் ஒரு படி சென்று, பதிவு செய்துகொண்ட ஒருவரின் படியிலிருந்து இன்னொருவர் எடுத்துத் தாமும் பதிவு செய்தால், முன்னவருக்குத் தரகுத்தொகை கொடுத்தார். விலைத்தகுதியைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை வாங்குபவரின் மனச்சான்றிடமே ஒப்படைத்த இப்பெருமுயற்சியின் வழிவந்ததே, உலகின் மிகப் பெரிய விலைத்தகுதிச் சோதனைக்கூடமாகிய வின்ரார்.

3. மூடற்கோட்பாடு

யூஜீன் ரோஷல் என்னும் ரஷ்ய நிரலாளர் 1993இல் ரார் என்னும் கோப்புச் சுருக்க வடிவத்தை வெளியிட்டார். விண்டோஸுக்கான வின்ரார் 1995இல் வந்தது. இதைக் கட்டணமின்றி 40 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம். 40 நாள் கழிந்தபின், செயலியைத் திறக்கும்போது உரிமம் வாங்குமாறு நினைவூட்டும் ஒரு சிறு சாளரம் தோன்றும். அதை மூடினால் செயலி முன்போலவே வேலை செய்யும். மறுநாளும் தோன்றும், மறுநாளும் மூடலாம். இந்நிலை முப்பது ஆண்டுகளாக நீடிக்கிறது.

40 நாள் என்னும் கால அளவு தமிழ்ப் பயனர்க்கு ஒரு நியாயமான தடையை எழுப்புகிறது. சித்த மருத்துவ மரபில் ஒரு மருந்தின் பயனை அறிய ஒரு மண்டலம், அதாவது 48 நாள், வேண்டும். எட்டு நாள் குறைவான சோதனையைக் கொண்டு ஒரு பொருளைப் பற்றித் துணிவு கொள்ளுதல் முறையன்று என வாதிடுவோர்க்கு மறுமொழி கூறுதல் அரிது. ஆயினும் அந்த எட்டு நாளையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிவிடுவரா எனின், வாங்கார்.

பொருளியலார் கென்னத் ஆரோ 1962இல் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். தகவல் என்னும் சரக்கின் மதிப்பை, அதைப் பெறும்வரை வாங்குபவர் அறியார். பெற்றுவிட்டாலோ, விலை கொடாமலே அது அவர் கைக்கு வந்துவிட்டது. செயலியும் அத்தகைய சரக்கே. ஆதலால் விற்பவர் சோதனைக்காலம் என்னும் இடைவழியைக் கண்டார். பயன்படுத்துபவரோ சோதனையை முடிக்காமலே வைத்திருத்தல் என்னும் இன்னும் சிறந்த இடைவழியைக் கண்டார். முடிவுறாத சோதனையில் மதிப்பீடும் முடிவுறாது. மதிப்பீடு முடியும்முன் விலை கேட்பது நாகரிகமன்று.

இனி மூடுவோர் உண்மையில் ஒன்றும் கொடுக்கவில்லையா என்பதை ஆராய்தல் வேண்டும். நினைவூட்டும் சாளரத்தை ஒருமுறை மூடுவதற்கு 2 வினாடி ஆகும் எனவும், நாளொன்றுக்கு மும்முறை, ஆண்டுக்கு 300 நாள் மூடப்படும் எனவும் கொள்ளின், ஓர் ஆண்டில் செலவாகும் நேரம் 30 நிமிடம். 20 ஆண்டில் 10 மணி. இந்நேரத்தை இக்கட்டுரை ‘மூடற்பொழுது’ என வழங்கும். உரிமத்தின் விலையை 2,500 ரூபாய் எனக் கொண்டு மூடற்பொழுதால் வகுக்க, மணிக்கு 250 ரூபாய் கிடைக்கும். நாளுக்கு எட்டு மணியும் திங்களுக்கு 25 நாளும் உழைப்பவர்க்கு இது திங்கள் ஊதியம் 50,000 ரூபாய் என்பதற்கு ஒப்பாகும். எனவே 50,000 ரூபாய்க்குக் குறைவாக ஈட்டுபவர் மூடுவதால் ஊதியம் பெறுகிறார். அதற்கு மேல் ஈட்டுபவர் இருபது ஆண்டில் உரிமத்தின் விலையைத் தாண்டிக் கொடுத்துவிட்டு, உரிமம் இன்றியே இருக்கிறார். வருமானவரித் துறைக்கு இச்சூத்திரம் பயன்படலாம்.

அந்த இரண்டு வினாடி வேறெதற்கும் பயன்பட்டிராது, ஆகவே அதற்கு மதிப்பில்லை என்பது ஒரு சாரார் கொள்கை. இது வலுவான மறுப்பே. கட்டை அவிழ்க்கக் காத்திருப்பவர் எப்படியும் காத்திருக்கிறார். சாளரம் இல்லாவிடின் அவர் திருக்குறளுக்கு உரை எழுதியிருப்பார் என எவராலும் நிறுவ இயலாது.

ஆனால் மூடற்கோட்பாட்டை நிறுவும் வலிய சான்று கணக்கில் இல்லை, நடத்தையில் இருக்கிறது. இகோர் பாவ்லவ் 1999இல் வெளியிட்ட 7-ஸிப் என்னும் செயலி முற்றிலும் இலவசம், திறமூல நிரல், ரார் கட்டுகளையும் அவிழ்க்கும், எந்தச் சாளரத்தாலும் எதையும் நினைவூட்டாது. வின்ராரின் விலை மிகுதி என எண்ணி ஒருவர் அதை வாங்காதிருப்பின், அவர் 7-ஸிப்புக்கு மாறியிருத்தல் வேண்டும். சாளரம் தொல்லை என எண்ணினாலும் அவ்வாறே. பெருந்திரளானோர் மாறிலர். 2023 மே மாதத்தில், விண்டோஸ் 11 தானே ரார் கட்டுகளைத் திறக்கும் வசதி பெறும் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தபின்னும், புதுக் கணினி வாங்கியவர் முதல் வேலையாக வின்ராரை நிறுவிக்கொள்ளுதல் அருகிவிடவில்லை. விலையை அஞ்சியும் அன்று, தொல்லையை வெறுத்தும் அன்று. எனின் இவர்கள் மதிப்பிட்டது எதை? எதையும் மதிப்பிடவில்லை என்க. தகுமா தகாதா என்ற வினாவே அவர் உள்ளத்தில் எழவில்லை. ஏனெனில் அவரை எதுவும் நிறுத்தவில்லை.

இதிலிருந்து பெறப்படும் விதி இது: செயலியின் விலைத்தகுதி என்னும் வினா, பயன்படுத்துவோர் தடுக்கப்படும் கணத்தில் பிறந்து, தடை நீங்கும் கணத்தில் விடை பெறாமலே மறைகிறது. செயலியின் தரத்தோடு அதற்குள்ள தொடர்பு மிகச் சிறிது.

4. விதியின் ஆட்சி

தமிழ்நாட்டு அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் இவ்விதியின் தூய வடிவத்தைக் காணலாம். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் தொடங்கி, பின்னர் அடோபியின் கைக்கு வந்த பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்புச் செயலியின் இறுதிப் பதிப்பாகிய 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குப்பின் உலகம் இன்டிசைன் என்னும் வேறொரு பக்க வடிவமைப்புச் செயலிக்கு நகர்ந்தது. தமிழ்த் திருமண அழைப்பிதழ்களும் பள்ளி ஆண்டுமலர்களும் காதணி விழாப் பத்திரிகைகளும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களோடு பேஜ்மேக்கரிலேயே தொடர்ந்து பிறந்தன. இன்று அச்செயலியை விற்பார் இல்லை. விற்பார் இல்லாததால் விலை இல்லை. விலை இல்லாததால் தகுமா என்ற வினாவும் இல்லை. ஒரு செயலி விலைத்தகுதி ஆய்விலிருந்து முழுமையாக விடுதலை பெற வேண்டுமாயின் அது முதலில் இறத்தல் வேண்டும் என்பது இதனால் அறியப்படும்.

கணினியைப் பாகம் பாகமாக வாங்கிக் கோத்துத் தரும் கடைகளில், எல்லாம் போட்டுத்தானே தருவீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்பதும், கடைக்கார அண்ணன் தலையசைப்பதும் இவ்விதியின் மற்றொரு வெளிப்பாடாகும். அங்கே செயலிகள் எலிக்கு அடியில் வைக்கும் அட்டையைப் போல உடன் வருவன. திருட்டுப் பிரதி என அறிந்தே கணினியில் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாளிலிருந்து மூன்றாண்டுவரை சிறை என 1994ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்திருப்பினும், அது சட்டநூலில் தோன்றுகிறதேயன்றித் திரையில் தோன்றாமையால் தடையாக உணரப்படுவதில்லை.

விற்போருள் சிலர் இவ்விதியை உணர்ந்துகொண்ட ஆண்டு 2013. ஃபோட்டோஷாப் உள்ளிட்ட தன் செயலிகளை இனி ஒருமுறை விலைக்கு விற்பதில்லை, திங்கள்தோறும் சந்தா பெற்றே தருவது என்று அடோபி நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்தில் அறிவித்தது. மேலோட்டமாக நோக்கின் இது விற்பவருக்குப் பாதகமானது. ஒருமுறை கேட்கப்பட்ட வினா, ஆண்டுக்குப் பன்னிரு முறை கேட்கப்படும் நிலை வந்தது அன்றோ? அன்று. சந்தாத் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிவதால், முதல் திங்களுக்குப் பின் தடையே தோன்றுவதில்லை. தடை தோன்றாமையால் வினாவும் தோன்றுவதில்லை. வின்ரார் பயனர் கொடாமலே இருக்க எது காரணமோ, அதுவே சந்தாதாரர் கொடுத்துக்கொண்டே இருக்கவும் காரணம். உடற்பயிற்சிக்கூட உறுப்பினர் பற்றி டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்னும் பொருளியலார் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அரண் செய்கிறது. பத்து வருகைக்கான சீட்டை வாங்கி, ஒரு வருகைக்கு 10 டாலர் வீதம் உள்ளே போகும் வாய்ப்பு இருக்க, திங்கள் கட்டணத்தைத் தேர்ந்தவர்கள், போன நாள்களை எண்ணிப் பார்த்தால், ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தனர். ஃபோட்டோஷாப்பைத் திறந்து பாஸ்போர்ட் படத்தின் பின்னணியை மட்டும் வெள்ளையாக்கி மூடுபவருக்கு ஒரு வருகையின் விலை என்ன ஆகிறது என்பதைக் கணக்கிட்டு அவர் மனத்தைப் புண்படுத்துதல் இவ்வாய்வின் நோக்கமன்று.

சந்தாவை விற்போர், இது நாளொன்றுக்கு, அல்லது திங்களுக்கு, ஒரு காபியின் விலைதான் என்று கூறும் வழக்கம் உடையர். காபி இவ்வாறு அளவை அலகாக உயர்ந்ததை வரவேற்கலாமாயினும், அவ்வலகு எந்த ஊரில் நிறுக்கப்பட்டது என்பதைக் கூறாது விடுதல் அளவையியலுக்கு இழுக்காகும். அமெரிக்க நகரத்துக் கடையில் 5 டாலருக்கு விற்கும் ஒரு காபி, தமிழ்நாட்டுச் சாலையோரக் கடையில் ஏறத்தாழ முப்பது தேநீராக விரிகிறது. முப்பது தேநீரைத் துறந்து ஒரு செயலியைப் பெறுக என்று சொன்னால் எவரும் ஒருகணம் நிற்பர். நின்றவுடன் வினா பிறக்கும். ஆகையால்தான் அலகு காபியாகவே இருக்கிறது.

இந்திய ரிசர்வ் வங்கி இவ்வமைதியைக் குலைத்தது. 2021 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, அட்டையிலிருந்து தானே கழியும் சந்தாத் தொகை எதுவாயினும், கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக உரியவருக்கு அறிவிப்பு அனுப்புதல் வேண்டும். நாளை இத்தொகை கழியும் என்னும் குறுஞ்செய்தி திங்கள்தோறும் கைப்பேசிக்கு வருகிறது. மாண்புமிகு மத்திய வங்கி, ஷேர்வேர் முன்னோர் மனச்சான்றிடம் ஒப்படைத்துத் தோற்ற பொறுப்பைத் தானே ஏற்று, தகுமா என்ற வினாவைச் சட்டபூர்வமாக மீண்டும் பிறப்பித்திருக்கிறது எனலாம். எனினும் அக்குறுஞ்செய்தி, கடன் வேண்டுமா என்னும் செய்திக்கும் மனை வேண்டுமா என்னும் செய்திக்கும் நடுவில் வந்து சேர்வதால், அவற்றோடு சேர்த்து ஒரே விரலசைவில் தள்ளப்படுகிறது. இதற்கு ஆகும் காலம் 2 வினாடிக்கும் குறைவு. இதையும் மூடற்பொழுதில் அடக்குக.

5. புறனடை

மேற்கூறிய விதிக்கு அடங்காதோர் ஒரு சிறு கூட்டத்தார் உளர். அவர் வின்ராரை விலை கொடுத்து வாங்கியோர். நிறுவனங்கள் வாங்குவதை விளக்கலாம். தணிக்கை என்பது அவற்றுக்கு ஒரு தடை. ஆனால் தடை ஏதுமின்றி, கேட்பார் எவருமின்றி, தன் வீட்டில் அமர்ந்து ஒரு தனி மனிதர் ஏறத்தாழ 30 டாலர் கொடுப்பதை இக்கோட்பாடு விளக்காது. நேர்மை என்பது ஒரு விளக்கமாக முன்வைக்கப்பட்டது. ஆயினும் அதே கணினியில் உள்ள திரைப்படக் கோப்புகளைப் பார்வையிட்டபின் அது கைவிடப்பட்டது.

இவர்களைக் கண்டறிவதிலும் இடர் உண்டு. உரிமம் வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு சிறு சாவிக்கோப்பு. அதன் பயன், சாளரம் தோன்றாமை. கொடுத்த பணத்துக்குக் கிடைத்த பொருள் ஓர் இன்மையாக இருப்பதால், வாங்கியவரை வாங்காதவரிடமிருந்து பிரித்தறியப் புறத்தோற்றத்தில் அடையாளம் ஏதுமில்லை. தாமே சொன்னாலன்றி அறிய முடியாது. நல்வாய்ப்பாக, அவர்கள் சொல்லாமல் இருப்பதில்லை.

இவர்களிலும் பலர் சில ஆண்டில் கணினியை மாற்றும்போதோ வன்தட்டு கெட்டுப்போகும்போதோ அந்தச் சாவிக்கோப்பைத் தொலைத்துவிடுகின்றனர். பழைய மின்னஞ்சலில் அதைத் தேடி எடுக்கச் சற்று நேரம் ஆகும். சாளரத்தை மூட 2 வினாடி போதும். ஆகவே உரிமம் உடையவராக இருந்தும் அவர்கள் நாள்தோறும் மூடி வருகின்றனர். மூடற்பொழுதைக் கணக்கிடும்போது இவர்களை வாங்கியோர் பத்தியில் சேர்ப்பதா, வாங்காதோர் பத்தியில் சேர்ப்பதா என்பது இன்னும் துணியப்படவில்லை.